வாடகைக் கட்டடத்தில் வர்ணம்: உரிமையாளர் சம்மதிக்கலாமா?

வாடகைக்கு இருப்பவர் தம் கைப்பணத்தைப் போட்டு வீட்டுக்கோ கடைக்கோ வர்ணம் பூசிக்கொள்கிறேன் என்று கேட்டால், கட்டட உரிமையாளர் சம்மதிக்கலாமா, கூடாதா? கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அட்வான்ஸில் பிடித்தம், திடீரென்று காலி செய்யச் சொல்வது, பல ஆண்டு பழகிய இருவர் முகம் பாராமல் போவது என்று நம் வணிகர்களிடையே வருகிற தகராறுகளைக் கிளறிப் பார்த்தால், அவற்றில் பலவற்றின் அடியில் ஒரு டப்பா பெயிண்ட் இருக்கும்.

மதுரை கீழமாசி வீதியில் பல்லாண்டுகளாக மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கு இதில் இரண்டு பக்கமும் தெரியும். மண்டி இருக்கும் கட்டடத்துக்கு நாம் வாடகை கொடுக்கிறோம். சேர்த்து வைத்ததில் கட்டிய வீடுகளுக்கு வாடகை வாங்கவும் செய்கிறோம். இந்த இதழைப் படிக்கும் அன்பர்களிலும் பலருடைய நிலை இதுவே. கீழே கடை, மேலே அல்லது பின்கட்டில் குடித்தனம், இரண்டும் ஒரே வாடகைச் சீட்டில் என்றிருக்கும் மளிகைக் கடைக்காரர்கள் ஏராளம். ஆகவே வீட்டையும் கடையையும் சேர்த்தே இங்கு பேசுகிறோம். கோயில் கடைகள், நகராட்சி, மாநகராட்சிக் கடைகளுக்கு அவற்றின் நிபந்தனைகள் தனி. அங்கே ஆணியடிக்கவும் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அவற்றை இதில் சேர்க்கவில்லை.

நம்முடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உட்புறத்துக்குச் சம்மதம் கொடுக்கலாம்; கொடுப்பதே உரிமையாளருக்கு லாபம். ஆனால் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்ன நிறம் என்பதில் உரிமையாளர் அதிகம் தலையிட வேண்டியதில்லை. என்ன பொருளைச் சுவரில் பூசுகிறார்கள் என்பதில் கட்டாயம் தலையிட வேண்டும். வெளிப்புறம் வேறு கணக்கு.

சட்டத்தில் உள்ளது

நம் மாநிலத்தில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக, உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வீட்டுக்கும் உண்டு, கடைக்கும் உண்டு. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

இந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் பராமரிப்பு வேலைகளை இரண்டு பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள். குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் தலையில். கட்டடத்தின் பெரிய பழுது, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை உரிமையாளர் தலையில். அந்த உரிமையாளர் பட்டியலில்தான் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வருகின்றன. நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறோம்? வாடகைதாரர் வர்ணம் பூச அனுமதி கேட்கும்போது, பல சமயம் அவர் உரிமையாளர் செய்ய வேண்டிய வேலையைத் தம் செலவில் செய்து தருகிறேன் என்றுதான் கேட்கிறார். அதைச் சலுகை கேட்பதுபோல் அவரும் கேட்கிறார், தயவு செய்வதுபோல் இவரும் யோசிக்கிறார்.

இதைவிடப் பழைய சட்டம் ஒன்று உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு. எந்த நிலையில் கட்டடத்தை வாங்கினாரோ அந்த நிலையில் வாடகைதாரர் திருப்பித் தர வேண்டும்; நியாயமான தேய்மானம் நீங்கலாக என்று அதில் இருக்கிறது. உரிமையாளர் செய்தாக வேண்டிய பழுதை அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம் என்றும் இருக்கிறது. அறிவிப்புக் கொடுத்தும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாய் வார்த்தையாக நாலு தடவை சொன்னேன் என்பது சாட்சிக்கு நிற்காது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போதும்.

அட்வான்ஸ் விஷயமும் இதோடு ஒட்டியது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். வேறு உடன்பாடு என்ற சந்து இருப்பதால் பெரிய ஊர்களில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. பெயிண்ட் தகராறு எப்போதும் அட்வான்ஸ் திரும்பக் கேட்கும் நாளில்தான் வெடிக்கிறது. அதுவரை இருவருக்கும் அந்தச் சுவர் கண்ணில் படுவதே இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு கடை

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் பதினோரு ஆண்டுகள் ஒரே கடையில் வாடகைக்கு இருந்தார். சுவர் பழைய காரைச் சுவர். சுண்ணாம்பு பொரிந்து அரிசிச் சாக்கின் மேல் உதிரும். உரிமையாளரான பெரியவரிடம் சொன்னார். "நீயே பாத்து அடிச்சுக்கப்பா, என்ன வேணும்னாலும் அடிச்சுக்க" என்றார் அவர். கடைக்காரர் நல்ல பெயிண்ட் என்று நினைத்து இடுப்பளவுக்குப் பச்சை எனாமலும் மேலே எமல்ஷனும் அடித்தார். கடை பளிச்சென்று ஆனது. பெரியவரும் வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார்.

பெரியவர் காலமான பின் மகன் பொறுப்புக்கு வந்தார். கடைக்காரர் காலி செய்யும்போது அட்வான்ஸ் ரூ. 50,000-இல் ரூ. 22,000 பிடித்தார். எனாமல் அடித்ததால் சுவர் ஓதம் ஏறிக் காரை விட்டுப் போய்விட்டது, சுரண்டிப் பூசத்தான் இந்தத் தொகை என்றார். "உங்க அப்பாதான் அடிச்சுக்கச் சொன்னாக, தம்பி" என்றார் கடைக்காரர். "எங்க இருக்கு அண்ணாச்சி, காமிங்க" என்றார் மகன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சங்கத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ரூ. 10,000 திரும்பக் கிடைத்தது. மீதி ரூ. 12,000 போனதுதான். புதுக் கடைக்கு முதல் சரக்கு எடுக்க அவர் நம்பியிருந்த பணம் அது. அந்தத் தீபாவளிக்கு எண்ணெயும் பருப்பும் கடனில் எடுத்தார்.

இந்தத் தகராறில் மகன் சொன்னது முழுப் பொய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எனாமல் அடித்த இடத்தில் காரை உண்மையிலேயே விட்டிருந்தது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த தகராறு வராது.

சுவர் என்ன கேட்கிறது

நம் பக்கத்துப் பழைய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. அடிமண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறும். சுவர் வழியாகவே வெளியே காய்ந்தும் போகும். சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தப் போக்குவரத்துக்குத் தடை இல்லை. சுண்ணாம்பு மலிவானது மட்டும் அல்ல, அதன் காரத்தன்மையால் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கஞ்சிப் பசையும் கொஞ்சம் நீலமும் சேர்த்து மட்டையால் அடித்த சுவரின் வெண்மை இன்றைய டப்பாவில் வருவதில்லை என்பது நம் அபிப்பிராயம். கையில் ஒட்டும், தோளில் ஒட்டும் என்பதுதான் அதன் குறை. கடையில் வாடிக்கையாளர் சுவரில் சாய்ந்தால் சட்டை வெள்ளையாகிவிடும்.

எனாமல் என்பது எண்ணெய்ச் சார்புள்ள பூச்சு. காய்ந்ததும் சுவரின் மேல் தோல் மாதிரி மூடிக்கொள்ளும். ஓதம் இல்லாத சிமெண்ட் சுவருக்கும், கதவு ஜன்னலுக்கும், இரும்புக்கும் சரி. ஓதம் ஏறும் காரைச் சுவரில் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, முதலில் கொப்புளம் கட்டும், பிறகு பூச்சு தன்னோடு காரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். மேலே சொன்ன கடையில் நடந்தது இதுதான்.

எமல்ஷன் தண்ணீரில் கரைப்பது. எனாமலைவிடச் சுவருக்கு இதமானது. ஆனால் பழைய சுண்ணாம்பின் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. சுண்ணாம்புப் படலம் சுவரோடு உறுதியாக ஒட்டியிருப்பதில்லை. அதன் மேல் எமல்ஷன் காயும்போது இழுத்துப் பொருக்குப் பொருக்காக எடுத்துவிடும். சுரண்டி, கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்த பிறகே அடிக்க வேண்டும். இந்த வேலையில்தான் பெயிண்டர்கள் சுருக்குவழி பிடிக்கிறார்கள். மேல்பூச்சு எந்தக் கம்பெனி என்று கேட்கிற உரிமையாளர், கீழே சுரண்டினார்களா என்று கேட்பதில்லை. டிஸ்டெம்பர் இந்த இரண்டுக்கும் நடுவில். சாதாரண டிஸ்டெம்பர் ஈரத்துணி பட்டால் கரையும்; குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

நிறத்தைப் பற்றி உரிமையாளருக்கு இருக்கும் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. வெளிர் நிறத்தின் மேல் வெள்ளையை இரண்டு கோட்டில் ஏற்றிவிடலாம். கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறத்தை மறைக்கப் பிரைமரும் கூடுதல் கோட்டும் வேண்டும். ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 150 சதுர அடி வரும். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. ஒரு கோட்டு அதிகமானால் மூன்று நான்கு லிட்டர் பெயிண்டும் ஒரு நாள் கூலியும் அதிகம். நாலு அறை வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல.

இந்தத் தகராறு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனி நாட்டில் ஒரு குடித்தனக்காரர் வெள்ளையாக வாங்கிய வீட்டைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மாற்றி, அப்படியே விட்டுவிட்டுக் காலி செய்தார். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. யாருக்கும் ஒத்துவரும் நிறத்தில் வாங்கியவர், பெரும்பாலோர் ஏற்காத நிறத்தில் திருப்பித் தந்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2013-இல் தீர்ப்பானது. குடியிருக்கும் காலத்தில் பூசியதை அவர்கள் தவறு என்று சொல்லவில்லை. திருப்பித் தந்த நிலையைத்தான் தவறு என்றார்கள். நமக்கும் அந்தப் பிரிப்பு பொருந்தும்.

மளிகைக் கடையில் இன்னொன்று உண்டு, அதை எந்த பெயிண்ட் கம்பெனி விளம்பரமும் சொல்லாது. அது உப்பு. உப்பு மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் மழைக்காலத்தில் உப்பு நீர் விட்டுச் சுவருக்குள் இறங்கும். பிறகு அந்தச் சுவர் ஆண்டாண்டுக்கும் ஈரத்தை இழுத்து வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது. அந்த இடத்துக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். கடைக்கு வாடகைக்கு விடும் உரிமையாளர் வர்ணத்துக்காகக் கவலைப்படுவதைவிட இதற்காகக் கவலைப்பட வேண்டும். உப்பையும் வெல்லத்தையும் கட்டைகளின் மேல், சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி அடுக்கினால் சரக்கும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும்.

கடைக்காரருக்கு ஏன் அவசரம்

வீட்டில் குடியிருப்பவர் வர்ணம் கேட்பது மனத்திருப்திக்காக. கடைக்காரர் கேட்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிமம் மற்றும் பதிவு விதிகளில், உணவுப் பொருள் கையாளும் இடத்தின் சுவரும் கூரையும் உறுதியாகவும் வழவழப்பாகவும் எளிதில் சுத்தம் செய்யத் தக்கதாகவும் இருக்க வேண்டும், பெயிண்டோ காரையோ உதிரக் கூடாது என்று இருக்கிறது. சோதனைக்கு வரும் அதிகாரி கடைக்காரரைத்தான் கேட்பார். கட்டடம் யாருடையது என்பது அவருக்குத் தேவையில்லை. உரிமையாளர் அடித்தும் தராமல், அடிக்கவும் விடாமல் இருந்தால், கடைக்காரர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் மறுப்பது நியாயம் ஆகாது என்றே நாம் சொல்வோம்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருட்டடைந்த சுவருள்ள கடையில் பட்டப்பகலில் இரண்டு விளக்கு எரிகிறது. பருப்பின் நிறத்தைப் பார்க்க வாடிக்கையாளர் கைப்பிடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். வெள்ளைச் சுவர் உள்ள கடையில் அந்த நடை மிச்சம்.

உரிமையாளர் கணக்கு

உரிமையாளர்களின் மனத்தில் இன்னொரு பயம் உண்டு. பணம் போட்டு வர்ணம் பூச விட்டால் நாளைக்குக் காலி செய்யச் சொல்லும்போது பாத்தியதை பேசுவாரோ என்று. பழைய சட்டக் காலத்து வழக்குகளைப் பார்த்து வந்த பயம் அது. சுவருக்கு வர்ணம் பூசியதால் கட்டடத்தில் எந்த உரிமையும் பிறப்பதில்லை. சுவர் எழுப்புவது, பரண் கட்டுவது, ஷெட் போடுவது வேறு. நிரந்தரக் கட்டுமானம் எதையும் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று முன்சொன்ன 108-ஆம் பிரிவே தடுக்கிறது.

லாப நஷ்டமாகப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு மாத வாடகை ரூ. 8,000 என்றும், அந்த வீட்டுக்கு வர்ணம் அடிக்க ரூ. 20,000 ஆகும் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வர்ணம் மறுத்ததால் மனக்கசப்பில் குடித்தனக்காரர் போய், வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் ரூ. 16,000 வாடகை போயிற்று. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை ரூ. 8,000. புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, "வெள்ளையடிச்சுக் குடுப்பீங்களா?" என்பதுதான். ஆக அந்த ரூ. 20,000-மும் உரிமையாளர் தலையில். தம் பணத்தைச் சுவரில் போட்டவர் சீக்கிரம் காலி செய்ய மாட்டார் என்பதை நாம் வாடகைக்கு விட்ட வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று, வாடகை வருமானத்துக்கு வரி கட்டும் அன்பர்கள் அறிந்ததே. நகராட்சி வரி போக மீதி வாடகையில் நூற்றுக்கு 30 கழிவு கிடைக்கிறது. பழுது பார்த்தாலும் உண்டு, பார்க்காவிட்டாலும் உண்டு. பழுதுக்கென்று அந்தக் கழிவை வாங்கிக்கொண்டு, வெள்ளையடிக்கக் கேட்டால் கையை விரிப்பது அழகல்ல. கடைக்காரர் பக்கத்திலும் ஒரு வசதி இருக்கிறது. பழுதுச் செலவைத் தாமே ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், முறையாகக் கணக்கு வைத்து வரி கட்டுபவர் வாடகைக் கடைக்குச் செய்த அந்தச் செலவை வியாபாரச் செலவில் காட்டலாம். ரசீதுகளை எடுத்து வைக்க வேண்டும். தங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

வெளிப்புறம்

உட்புறத்தில் தாராளமாக இருக்கச் சொல்லும் நாம் வெளிப்புறத்தில் உரிமையாளர் பக்கம் நிற்கிறோம். தெருவுக்குத் தெரியும் முகப்பு கட்டடத்தின் முகம். நாலு கடை உள்ள வரிசையில் ஒவ்வொருவரும் ஒரு நிறம் அடித்தால் கட்டடம் சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஆகிவிடும்.

இதில் நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது கம்பெனி விளம்பரம். சோப்பு, குளிர்பானம், மசாலா, செல்போன் என்று கம்பெனி ஆட்கள் வந்து, இலவசமாக ஷட்டருக்கும் பக்கச் சுவருக்கும் பெயிண்ட் அடித்துத் தருகிறோம், போர்டும் வைத்துத் தருகிறோம் என்பார்கள். இலவசம் என்றதும் தலையாட்டிவிடுகிறோம். மறுநாள் பார்த்தால் கடைப் பெயர் மூலையில் சின்னதாக இருக்கும், கம்பெனிப் பெயர் சுவர் முழுக்க இருக்கும். உரிமையாளருக்குக் கோபம் வருவது இயற்கை. சுவர் அவருடையது, அதில் விளம்பரம் செய்யும் உரிமையை வாடகைக்கு விட்டபோது அவர் விற்கவில்லை. பெரிய விளம்பரப் பலகை என்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் வேண்டும். ஷட்டரின் உட்பக்கம் வேண்டுமானால் அடித்துக்கொள்ளட்டும். வெளிச் சுவர் என்றால் உரிமையாளரிடம் கேட்டு, கம்பெனி ஏதாவது தொகை கொடுத்தால் அதில் அவருக்கும் பங்கு என்று பேசிக்கொள்வதே முறை. கடைப் பெயர்ப் பலகை வைக்கும் இடம் மட்டும் கடைக்காரர் உரிமை. அதை மறுக்கும் உரிமையாளரிடம் கடை பிடிக்கவே கூடாது.

எழுத்தில் எப்படி

வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே இதற்கென ஒரு பத்தி சேர்த்துவிடலாம். ஏற்கனவே ஒப்பந்தம் இருந்தால் தனிக் கடிதமாக எழுதி இருவரும் கையொப்பம் இட்டுக்கொள்ளலாம். நாம் நம் குடித்தனக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வாடகைதாரர் தம் சொந்தச் செலவில் கட்டடத்தின் உட்புறச் சுவர்களுக்கு வர்ணம் பூசிக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். பழைய பூச்சைச் சுரண்டிச் சுத்தம் செய்து பிரைமர் அடித்த பின்பே பூச வேண்டும். காரைச் சுவரில் எனாமல் பூசக் கூடாது. வெள்ளை அல்லது வெளிர் நிறம் பூசியிருந்தால் காலி செய்யும்போது மாற்றித் தர வேண்டியதில்லை. அடர்ந்த நிறம் பூசியிருந்தால் வெள்ளைக்கு மாற்றித் தர வேண்டும். காலத்தால் வரும் தேய்மானத்துக்கும் நிற மங்கலுக்கும் அட்வான்ஸில் பிடித்தம் இல்லை. இந்தச் செலவுக்காக வாடகையில் கழிவு இல்லை."

கடைசி வாக்கியத்தை இருவரும் பேசி மாற்றிக்கொள்ளலாம். கூலியை வாடகைதாரர் கொடுப்பது, பெயிண்டை உரிமையாளர் வாங்கித் தருவது என்ற ஏற்பாடும் நன்றாக நடக்கிறது. அதில் பொருளின் தரம் உரிமையாளர் கையில் இருக்கும். ஒத்திக்கு இருப்பவர்கள் விஷயத்தில் இதை எழுதுவது இன்னும் அவசியம். மாத வாடகையே இல்லாததால் கழிப்பதற்கும் இடமில்லை. ஒத்திப் பணம் திரும்பும் நாளில்தான் எல்லாக் கணக்கும் வந்து நிற்கும். வேலைக்கு முன்பும் பின்பும் செல்போனில் நாலு படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் பிற்காலத்தில் வாரிசுகளுக்கு உதவும்.

எப்போது அடிப்பது

நம் வணிகர்கள் ஆயுத பூஜைக்குக் கடையை ஒழித்துச் சுத்தம் செய்வதோடு பெயிண்டும் அடிக்கிறார்கள். வழக்கம் நல்லதுதான். ஆனால் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம். அக்டோபரில் ஊறிய சுவரில் அடித்த பெயிண்ட் தை மாதத்துக்குள் பொரியும். பிறகு மட்டமான பெயிண்ட் என்று உரிமையாளரும், மட்டமான சுவர் என்று கடைக்காரரும் பேசிக்கொள்வார்கள். மாசி, பங்குனி மாதங்களில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். பூஜைக்கு ஷட்டரையும் கல்லாப் பெட்டியையும் மட்டும் அடித்துக்கொண்டு, சுவரை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

பழைய எனாமலைச் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி போட்டு, 2017 நவம்பர் முதல் அமலாக்கினார்கள். அதற்கு முந்திய பெயிண்டில் ஈயம் அதிகம் இருந்திருக்கலாம். காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூசி குழந்தைகளின் மூச்சிலும், திறந்திருக்கும் அரிசி பருப்பிலும் போய்ச் சேரும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டச் சொல்லவும். சரக்கை வெளியேற்ற இடமில்லாவிட்டால் தார்ப்பாய் போட்டு மூடவும்.

டீத்தூளையும் காப்பித்தூளையும் மைதா, ரவை, பிஸ்கட்டையும் மட்டும் மூடினால் போதாது. கடையை விட்டே அப்புறப்படுத்த வேண்டும். டர்பன்டைன் வாடையை டீத்தூள் எளிதில் இழுத்துக்கொள்ளும். இழுத்தால் பிறகு போகாது. எனாமல் அடித்த கடையில் வாடை முழுதும் அடங்கும்வரை, மூன்று நாளோ ஐந்து நாளோ, அவற்றை வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ வைத்திருந்து பிறகு கொண்டுவரலாம்.